‘பேஸ்’ என்றால் வேகம் மட்டுமா?

பேஸ் (pace) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் எட்டு, அதாவது காலடி. லத்தீனில் ‘பாசுஸ்’. ரோமானியர்கள் ஒரு கால் ஊன்றிய இடத்திலிருந்து அதே கால் மறுபடி ஊன்றும் இடம் வரை, அதாவது இரண்டு எட்டுகளை, ஒரு பாசுஸ் என்று கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 1.48 மீட்டர். அதில் ஆயிரம் சேர்ந்ததுதான் ரோமானிய மைல். இன்றைய பேஸ் பெரும்பாலும் ஓர் எட்டுதான். பழைய ரோமானிய அளவை அப்படிப் படித்தால் தூரம் பாதியாகிவிடும்.

வேகம் என்ற பொருளிலும் அது ‘ஸ்பீட்’ ஆகிவிடாது. காரின் பேஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று எழுதக் கூடாது; அங்கே ஸ்பீட்தான். நடை, வேலை, பாடம், மாற்றம் ஆகியவை எந்தக் கதியில் நகர்கின்றன என்பதற்கே பேஸ் பொருந்தும்.

அதிகம் தடுக்குவது முன்னிடைச் சொல்லில். ‘மெதுவான வேகத்தில்’ என்பதில் உள்ள ‘இல்’ நம்மை ‘இன் எ ஸ்லோ பேஸ்’ என்று எழுத வைக்கிறது. ‘அட் எ ஸ்லோ பேஸ்’, ‘அட் யுவர் ஓன் பேஸ்’ என்பவையே சரி. ‘கீப் பேஸ் வித்’ என்றால் ஈடுகொடுப்பது. நடுவில் ‘த’ (the) வராது. ‘பேஸ் யுவர்செல்ஃப்’ என்பதை வேகமாகப் போ என்று புரிந்துகொள்வது நேர்மாறான தவறு. கடைசிவரை தெம்பு இருக்கும்படி நிதானமாகப் போ என்பதே அதன் பொருள்.

நடப்பதைச் சொல்லும் வினைச்சொல்லாக வந்தால், குறுக்கும் நெடுக்கும் நடப்பது. கடைக்கு நடந்து போனதற்கு அதைப் போட்டால் பொருந்தாது.

ஓட்டக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். அவர்களுடைய பேஸ், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு. எண் குறைந்தால்தான் வேகம் கூடும்: 6 நிமிடம் என்றால் மணிக்கு 10 கி.மீ., 5 நிமிடம் என்றால் 12 கி.மீ. 5:30 என்பதை 5.3 என்று கொண்டு 60-ஐ அதனால் வகுத்தால் 11.3 வரும். அது 5 நிமிடம் 30 நொடி, அதாவது 5.5, சரியான விடை 10.9. டிரெட்மில்லில் இந்த வித்தியாசம் காலுக்கு நன்றாகவே தெரியும். 42.195 கி.மீ. மாரத்தானை 4 மணி நேரத்தில் முடிக்க 5:41 வேண்டும்.

தமிழில் எழுதும்போது பேஸ் பவுலரின் பேஸும், அடித்தளத்தைக் குறிக்கும் பேஸும் ஒரே எழுத்தில் வந்து நிற்கும். அடித்தளத்துக்குரியதை ‘ப’கரம் அதிர ஒலிக்க வேண்டும். எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது என்பதால், வேகப்பந்து வீச்சாளர் என்று எழுதிவிடுவதே நல்லது.