சைனஸா? முதலில் காலண்டரை எடுங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. வீட்டில் யாருக்காவது சளி பிடித்து மூக்கடைத்தால், அன்றைய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘1’ என்று எழுதிவிடுவேன். சைனஸ் விஷயத்தில் எனக்கு இதைவிட உதவிய பொருள் வேறில்லை.

நான் மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். இரவெல்லாம் ஏர்கோன் குளிர், காலையில் வெளியே வந்தால் வெயில். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலணி மாட்டக் குனிந்தபோது கன்னத்துக்குள் ஈயத்தை ஊற்றியது போல் கனத்தது. மேல் பற்கள் எல்லாம் வலித்தன. பக்கத்து வீட்டில் பெலாச்சான் (நெடியடிக்கும் இறால் விழுது) வறுக்கிறார்கள், என் மகள் மூக்கைப் பொத்துகிறாள், எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. சளி பச்சையாக வந்தது. பயந்துபோய் நான்காம் நாளே கிளினிக்குக்கு ஓடி, ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கினேன். வயிற்றுப்போக்குதான் மிச்சம். சளி தன் பாட்டுக்கு மெதுவாகத்தான் போனது.

கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுப்பகுதி, அதற்கும் பின்னால் ஆழத்தில் என்று நம் முகத்து எலும்புகளுக்குள் நான்கு ஜோடி காற்றறைகள் இருக்கின்றன, இவைதான் சைனஸ். சளி பிடிக்கும்போது அவற்றின் சின்ன வாசல்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே சளி தேங்கும். இதற்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பச்சை நிறம் நம் வெள்ளை அணுக்கள் வேலை செய்வதால் வருவது. அதை வைத்து பாக்டீரியா என்று முடிவு கட்ட முடியாது.

நாளைத்தான் எண்ண வேண்டும். 10 நாளாகியும் கொஞ்சம்கூடக் குறையவில்லை, அல்லது ஐந்தாறு நாளில் தேறி வந்து மறுபடி மோசமாகிறது, அல்லது 39 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் முகவலியும் கெட்டிச் சளியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருக்கிறது என்றால் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். போன தடவை மிஞ்சியதை எடுத்து விழுங்காதீர்கள். 12 வாரம் தாண்டினால் அது நாள்பட்ட சைனஸ், மூக்கு நிபுணர் பார்க்க வேண்டியது. தும்மலும் மூக்கு அரிப்பும் கண்ணில் நீரும் மட்டும் என்றால் அது அலர்ஜியாக இருக்கும், வழியே வேறு.

வீட்டில் செய்வதில் நான் முதலிடம் கொடுப்பது உப்புநீரில் மூக்கைக் கழுவுவதற்கு. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவே கூடாது. அதில் இருக்கக்கூடிய சில கிருமிகள் குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால் உயிருக்கே ஆபத்து. நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் 240 மில்லி. அயோடின் சேர்க்காத உப்பு அரைத் தேக்கரண்டி, ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. பார்மசியில் உப்புப் பொட்டலமாகவே கிடைக்கும், எனக்கு அதுதான் சுலபம். பேசினில் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி மேல் துவாரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். கீழ்த் துவாரம் வழியாக வரும். முதல் தடவை திணறும், இரண்டாம் நாள் பழகிவிடும். பிறகு மூக்கை வேகமாகச் சிந்தாதீர்கள், காது அடைத்துக்கொள்ளும். பாட்டிலைக் கழுவிக் காய வையுங்கள்.

ஆவி பிடிப்பது இதமாக இருக்கும். ஆனால் கொதிக்கும் சட்டியை மடியில் வைத்துப் போர்வைக்குள் உட்காராதீர்கள். என் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் தொடை வெந்தது. குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாலே போதும், இல்லையென்றால் சூடாக ஒரு டம்ளர் மிளகு ரசம்.

மூக்கடைப்பை உடனே திறக்கும் ஸ்பிரேயை மூன்று நாளுக்கு மேல் தொடராதீர்கள், மருந்தே மறுபடி அடைக்கும். ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு வகை, பலன் தெரியச் சில நாளிலிருந்து ஓரிரு வாரம் பிடிக்கும். அதை வலது கையால் இடது மூக்குக்கும் இடது கையால் வலது மூக்குக்கும் அடித்தால் மருந்து மூக்கின் நடுத்தண்டில் படுவது குறையும், ரத்தம் வருவதும் குறையும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சளி மாத்திரை வாங்குமுன் பார்மசிஸ்ட்டிடம் சொல்லுங்கள். வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) போதும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டைத் தாண்டக் கூடாது, பல சளி மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருக்கும் என்பதால் அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நம் ஊரில் ஒன்றை மறக்கவே கூடாது. மூக்கில் சளியே இல்லாமல் திடீர்க் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் என்றால், சைனஸ் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள், டெங்கியாக இருக்கலாம். ரத்தம் பரிசோதிக்கும்வரை ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபனும் வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே போவதைக் குறையுங்கள், ஏற்கெனவே வீங்கிய மூக்குக்கு அது பெரிய தண்டனை.

கண்ணிமை வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, நெற்றி வீக்கம், கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் காலண்டரை விட்டுவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள்.

எல்லாம் ஒரே பக்கம் என்றால் சந்தேகப்படுங்கள். என் கணவருக்கு இடது பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தது. கடைசியில் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ், பல் டாக்டர்தான் தீர்த்துவைத்தார். ஒரு பக்க அடைப்போடு சளியில் ரத்தமோ கழுத்தில் கட்டியோ இருந்தால் தள்ளிப்போடாமல் மூக்கு நிபுணரிடம் போங்கள். மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோய் மலேசியாவில் அபூர்வமானதல்ல.

அரசு கிளினிக்கில் மலேசியக் குடிமக்களான நமக்கு ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்). போகும்போது காலண்டரைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே ‘எத்தனை நாளாக?’ என்பதுதான்.