ஸ்பார்ட்டாவைச் சான்றுகளை வைத்து மறுபடி எடைபோடுவது எப்படி?

எழும்பூர் கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ உட்கார்ந்து பழைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவைப் படிக்கிறவர்கள், முதலில் நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: யார் சொன்னது, எந்த ஊர்க்காரர், எந்தக் காலம், நடந்ததற்கும் எழுதியதற்கும் எத்தனை ஆண்டு. பக்க எண் வேண்டாம். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைப் படித்தால் ‘ஹெரோடோட்டஸ் 7.234’ (7ஆம் புத்தகம், 234ஆம் பகுதி) என்று பகுதி எண்ணைக் குறியுங்கள்; எந்த மொழிபெயர்ப்பிலும் அது மாறாது.

இரண்டாம் கட்டம்தான் கண்ணைத் திறக்கும். ஸ்பார்ட்டாவின் சொந்தக் குரலாக மிஞ்சியவை பெரும்பாலும் டிர்ட்டேயஸ், அல்க்மன் என்ற இரு கவிஞர்களின் பாடல் துண்டுகளே, கி.மு. 7ஆம் நூற்றாண்டு. மற்றதெல்லாம் வெளியூர்க்காரர் சொன்னது. களப்பிரரைக் ‘கலியரசன்’ என்று ஏசும் வேள்விக்குடிச் செப்பேடு பாண்டியர் வெளியிட்டது அல்லவா? அதைப் படிக்கும்போது இருக்கும் எச்சரிக்கை இங்கேயும் வேண்டும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய ஏதென்ஸ்காரர் செனஃபனுக்கு ஸ்பார்ட்டா மேல் பிரியம். பிரியமும் கண்ணை மறைக்கும்.

ஸ்பார்ட்டாவில் இருந்த ஆர்ட்டெமிஸ் ஓர்த்தியா என்ற பெண்தெய்வத்தின் கோயில் சடங்கை எடுத்துப் பாருங்கள். பையன்கள் அங்கே பாலாடைக்கட்டி திருடுவார்கள், மற்றவர்கள் சாட்டையால் அடிப்பார்கள் என்கிறார் செனஃபன். சுமார் 500 ஆண்டு கழித்து கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், அடிபட்டே செத்த பையன்களைப் பார்த்ததாக எழுதுகிறார். அவர் பார்த்தது ரோமானியர் கால ஸ்பார்ட்டா. இரண்டையும் கலந்து ஒரே சித்திரம் தீட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. நலிந்த குழந்தைகளைப் பள்ளத்தில் வீசினார்கள் என்பதற்கும் புளூட்டார்க் ஒருவரே சாட்சி. பென்சிலில் எழுதி வையுங்கள்.

அதே கோயிலில் 1906 முதல் 1910 வரை நடந்த அகழாய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈயப் பொம்மைகளும், சுடுமண் முகமூடிகளும், தந்த வேலைப்பாடுகளும் கிடைத்தன. கலையே தெரியாத ஊர் என்ற பேச்சு இதற்கு முன் நிற்காது.

எண்களில் இன்னும் கவனம். கி.மு. 480இல் 8,000 ஸ்பார்ட்டிய ஆண்கள், அதாவது முழுக் குடியுரிமை உள்ளவர்கள், என்கிறார் ஹெரோடோட்டஸ். கி.மு. 371இல் ஸ்பார்ட்டா தீப்ஸ் நகரத்தாரிடம் தோற்ற லூக்ட்ரா போர்க்களத்தில் அப்படிப்பட்டவர்கள் 700 பேர். நேராகக் கழிக்காதீர்கள். முன்னது மொத்தக் கணக்கு. பின்னது ஆறு படைப்பிரிவில் நான்கு மட்டும், அதிலும் 55 வயது தாண்டியவர்கள் இல்லை. 700ஐ 4ஆல் வகுத்து 6ஆல் பெருக்கினால் 1,050. அதன்மேல் முதியவர்களைக் கூட்ட வேண்டும்.

அப்படியும் சரிவு பெரிதுதான். ஆனால் குறைந்தவர்கள் எல்லோரும் செத்தவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். குடிமக்கள் சேர்ந்து சாப்பிடும் பொதுப்பந்திக்குத் தன் பங்கைக் கொடுக்க முடியாதவன் குடியுரிமை இழந்தான் என்கிறார் அரிஸ்டாட்டில். அவன் உயிரோடுதான் இருந்தான், கணக்கில்தான் இல்லை.