படம் போட இடம் தேடுறீங்களா? நான் பண்ணுன தப்பைப் பண்ணாதீங்க

நம்ம மலேசியா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழான்னா இப்போ சாமிக்கு முன்னாடி பத்து கேமரா நிக்குது. நல்லாவும் எடுக்குறாங்க. ஆனா எடுத்ததை நெட்ல எங்க போடுறதுன்னு வரும்போதுதான் சொதப்புறாங்க, நானும் சொதப்புனவன்தான்.

மொதல்ல எல்லாரும் பாக்குறது டிசைன். சீரியல் லைட்டைப் பாத்து கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்குற கதை. எவ்ளோ இடம் தர்றான்னு பாருங்க. வேர்ட்பிரஸ் டாட் காம்ங்கிற பிளாக் தளத்துல இலவசக் கணக்குக்கு 1 ஜிபிதான், 24 மெகாபிக்சல் கேமராவுல ஒரு ஜேபெக் சும்மாவே 10 எம்பி வரும், அப்படியே ஏத்துனா நூறு படத்துல முடிஞ்சிடும், ஒரு தீமிதிக்கே பத்தாது. நீளப் பக்கத்தை 2048 பிக்சலுக்குக் கொறைச்சு, எஸ்ஆர்ஜிபிங்கிற, எல்லா ஸ்க்ரீனுக்கும் பொதுவான கலர் செட்டிங்ல சேவ் பண்ணி ஏத்துங்க, பெரும்பாலும் 1 எம்பிக்குள்ள அடங்கிடும், லயத்துல நெட் மெதுவா இருந்தாலும் பாட்டி கைப்பேசியில சட்டுனு தெறக்கும். அடோபி ஆர்ஜிபிங்கிற இன்னொரு கலர் செட்டிங்ல விட்டா சில போன்ல சாமி நெத்தி குங்குமமே வெளுத்துத் தெரியும்.

இன்னொண்ணு, வேர்ட்பிரஸ்ல டாட் காமும் டாட் ஆர்க்கும் ஒண்ணு இல்ல. டாட் ஆர்க் சாப்ட்வேர் மட்டும்தான் தரும், ஹோஸ்டிங், அதாவது தளத்தை நெட்ல வைக்கிற இடம், நீங்க காசு குடுத்து வாங்கணும்.

பெரிய தப்புக்கு வர்றேன். காட்டுற இடத்தையே படம் வைக்கிற பெட்டின்னு நெனைக்கிறது. பிளிக்கர்ங்கிற படத் தளம் 2013ல 1 டிபி இலவசம்னு குடுத்துச்சு, 2018ல கை மாறுச்சு, 2019ல இலவசக் கணக்குக்கு 1000 படம்தான்னு ஆயிடுச்சு. போட்டோபக்கெட்னு இன்னொரு படத் தளம் 2017ல, வேற பக்கத்துல படம் காட்டணும்னா வருஷத்துக்கு 399 டாலர் கட்டுன்னுச்சு, ஊர்ப்பட்ட பக்கத்துல படம் இருந்த எடமெல்லாம் காலி.

நான் போட்டு வச்சிருந்த இடம் மூடியே போச்சு. மெயில் வந்திருக்கு, நான் தெறக்காத பழைய மெயிலுக்கு. லேப்டாப்பை அதுக்கு முன்னாடியே பார்மெட் அடிச்சிட்டேன். அப்பா காலையில அஞ்சு மணிக்கு நெத்தி லைட்டு மாட்டிக்கிட்டு பால் வெட்டுற படம் அதுல இருந்துச்சு, அந்த ரப்பர் காடு இப்போ செம்பனை. மிச்சம் வாட்சப்ல அனுப்புன காப்பி ஒண்ணுதான். பெருசாக்குனா அப்பா மொகம் கட்டம் கட்டமா உடையுது, லைட்டு மட்டும் வெள்ளையா நிக்குது.

அதனால சேர்ந்த அன்னைக்கே அஞ்சு படம் ஏத்தி, திரும்ப எறக்கிப் பாருங்க. கூகுளோட பிளாக் தளமான பிளாக்கர்ல பேக்கப் எடுத்தா எழுத்தும் படத்தோட லிங்க்கும்தான் பைல்ல வரும், படம் வராது, இது தெரியாமயே பேக்கப் இருக்குன்னு நிம்மதியா தூங்குறவங்க நெறைய பேரு. முடிஞ்சா சொந்த டொமைன் வாங்கிக்குங்க, நாளைக்கு வேற இடம் மாறுனாலும் அட்ரஸ் மாறாது. பாப்பாவை வீட்டு வாசல்ல வச்சு போன்ல எடுத்த படம்னா பைலுக்குள்ள பதிஞ்சிருக்கிற லொகேஷனை அழிச்சிட்டு ஏத்துங்க, சில தளம் தானே அழிச்சிடும், சிலது அப்படியே வச்சிருக்கும்.

இன்ஸ்டாகிராம் பரவாயில்லயான்னு தம்பிங்க கேக்குறாங்க. ஆள் சேக்க ஓகே லா, ஆனா கேப்ஷன்ல லிங்க் போட்டா கிளிக்கே ஆகாது.

என் ஒரிஜினல் எல்லாம் இப்போ ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. ஒண்ணு வீட்டுல, இன்னொண்ணு ஈப்போவுல அக்கா வீட்டுல, பழைய மைலோ டின்னுக்குள்ள. தீபாவளிக்குப் போறப்ப புதுசைச் சேத்து வச்சிட்டு வருவேன், உள்ள என்ன இருக்குன்னு அக்கா இன்னும் கேக்கல.