கோம் ஓம்போ: இரண்டு வாசல் கோயிலைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

எகிப்தில் அஸ்வானிலிருந்து வடக்கே சுமார் 50 கி.மீ., நைலின் கிழக்குக் கரையில் இருக்கிறது கோம் ஓம்போ. லக்சர்–அஸ்வான் சொகுசுப் படகில் போகிறவர்களுக்கு வழியிலேயே வந்துவிடும். மற்றவர்கள் அஸ்வானில் கார் பிடிக்கலாம்.

1. நேரம் பாருங்கள். மாலையில் படகுகள் மொத்தமாக வந்து சேர்ந்தால் திருவிழாக் கூட்டம்தான். காரில் போனால் காலையிலேயே போய்விடுங்கள். படகில் வருகிறவர்களும் வருந்த வேண்டாம்; இரவில் விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது சிற்பங்கள் பகலைவிட எடுப்பாகத் தெரியும்.

2. உடனே உள்ளே நுழையாமல் முகப்பில் கொஞ்சம் நில்லுங்கள். வாசல் இரண்டு. வலது பாதி முதலைத் தலைக் கடவுள் சோபெக்குக்கு. இடது பாதி பருந்துத் தலை கொண்ட மூத்த ஹோரஸுக்கு. கடைசிவரை எல்லாமே இரட்டைதான், கருவறை உட்பட. வலது வாசலில் போய் இடது வாசலில் திரும்புவதுதான் என் பழக்கம். கருவறைகளுக்கு நடுவே ஒரு ரகசிய இடுக்கு உண்டு. பூசாரி அதில் ஒளிந்து கடவுளின் குரலாகப் பேசியிருக்கலாம் என்கிறார்கள். சரி, பக்தர்கள் நம்பியிருப்பார்கள்தானே?

3. அண்ணாந்து பாருங்கள். தூண்களின் மேலே குறுக்குக் கற்களின் அடிப்பக்கத்தில், சிறகு விரித்த உருவங்களில் நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சமான தாலமி மன்னர்கள் காலத்துக் கோயில். வயது 2000 ஆண்டுக்கு மேல்.

4. அப்புறம் பின்பக்க மதிலுக்குப் போங்கள். கத்தி, இடுக்கி, கொக்கி, தராசு என ஒரு பெட்டி நிறையச் செதுக்கியிருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக் கருவிகள் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். சடங்குச் சாமான்கள் என்போரும் உண்டு.

5. வெளியே வட்டக் கிணறு ஒன்று இருக்கிறது. நைலின் வெள்ளத்தை அளந்த இடம். வெள்ளம் எவ்வளவோ, அவ்வளவு விளைச்சல், அதற்கேற்ற வரி.

6. முதலை அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். 2012-ல் திறந்தது. சோபெக்குக்காகப் பதப்படுத்திய முதலைகள் கண்ணாடிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும்.

சட்டைப்பையில் சில்லறை இருக்கட்டும். காவலாளி கூப்பிட்டு ஒரு சிற்பத்தைக் காட்டினால் 'பக்ஷீஷ்' (இனாம்) எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம். வெளியே கடைக்காரர்களிடம் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) சொல்லிக்கொண்டே நடையைக் கட்டுங்கள். நின்றீர்களோ, ஒரு சால்வை உங்கள் தோளில் ஏறியிருக்கும்.