சூப்பர்விஷனுக்கு எந்த செஷனைக் கொண்டுபோவது?

மனநல ஆலோசகராக லைசென்ஸ் வந்த பிறகு முதல் ஐந்து வாரமும் என் சூப்பர்வைசரிடம், அதாவது என் வேலையைக் கேட்டு வழிகாட்டும் மூத்த ஆலோசகரிடம், நன்றாகப் போன செஷன்களைப் பற்றி மட்டுமே பேசினேன். ஆறாவது வாரம் அவர் கேட்டார்: "இன்னைக்கு எந்த ஃபைலை வேணும்னே எடுக்காம வந்தீங்க?" உடனே ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அந்த செஷனில் நாற்பது நிமிடம் நான்தான் பேசியிருந்தேன், எல்லாம் அறிவுரை. சூப்பர்விஷன் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அந்த நாளில்தான்.

சூப்பர்வைசரைத் தேடும்போது அவருடைய பெயரையும் புகழையும் பார்ப்பதைவிட, அவர் முன்னால் "எனக்குத் தெரியலை" என்று உங்களால் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: எந்த சிகிச்சை முறையில் வேலை செய்கிறீர்கள், கருத்து வேறுபாடு வந்தால் எப்படிப் பேசுவோம், அவசரம் என்றால் எந்த நேரத்தில் அழைக்கலாம்? உங்கள் சம்பளத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிக்கும் மேலதிகாரியே சூப்பர்வைசராகவும் இருந்தால் மனம் திறப்பது கடினம். வேறு வழி இருந்தால் வேறு ஒருவரைப் பாருங்கள்.

பேசி முடித்ததை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை, கட்டணம், குறிப்புகளை யார் வைத்திருப்பது, உங்களை எப்படி மதிப்பிடுவார், நீங்கள் சொல்வதில் எதை அவர் வெளியே சொல்ல வேண்டிவரும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எத்தனை மணி நேரம் தேவை, யாருடைய கையெழுத்து செல்லும் என்பதை உங்கள் லைசென்ஸ் அமைப்பின் விதிகளிலேயே படித்துவிடுங்கள், பிறர் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். சூப்பர்விஷனில் செலவான மணி நேரத்தை எழுதி, அன்றன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள்.

கிளையன்டுக்கும் இது தெரிய வேண்டும். "என் வேலையை மூத்த ஆலோசகர் ஒருவரோடு பேசிப் பார்ப்பேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். செஷனை ரெக்கார்ட் செய்வதானால் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

சரி, எதைக் கொண்டுபோவது? ஆபத்து இருப்பதுதான் முதலில்: தற்கொலை எண்ணம், குழந்தைக்குத் தீங்கு, வன்முறை. இவற்றுக்கு அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள், அன்றே அழையுங்கள். அதற்கு அடுத்து, சொல்ல வெட்கப்படும் செஷன். ஒரு கிளையன்டின் பெயரைப் பார்த்ததும் சலிப்பு வருகிறதா? ஒருவருக்கு மட்டும் நேரம் தாண்டியும் பேசுகிறீர்களா? வரவில்லை என்று யாராவது சொன்னால் நிம்மதியாக இருக்கிறதா? அதை எடுத்துப்போங்கள்.

இது எனக்கு மட்டும் இருந்த பயம் இல்லை. நிக்கலஸ் லடானியும் சக ஆய்வாளர்களும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியிலிருந்த சிகிச்சையாளர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே சூப்பர்வைசரிடம் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் மேல் உள்ள மனத்தாங்கல், சொந்தப் பிரச்சினை, செஷனில் செய்த தவறு எல்லாம் அதில் இருந்தன.

முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. நான் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்வேன்: கிளையன்ட் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன், அந்த நொடியில் எனக்குள் என்ன நடந்தது. கீழே ஒரே ஒரு கேள்வி. பதிவு இருந்தால் தடுமாறிய ஐந்து நிமிடத்தை மட்டும் போட்டு, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

சூப்பர்வைசர் முன்னால் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். கிளையன்டுக்கும் சிகிச்சையாளருக்கும் இடையில் நடப்பது, சிகிச்சையாளருக்கும் சூப்பர்வைசருக்கும் இடையிலும் பிரதிபலிக்கலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஹரால்ட் சேர்ல்ஸ் 1955-லேயே எழுதினார். நான் விட்டுவந்த ஃபைலின் கிளையன்ட் "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று சொல்லிச் சொல்லியே எதையும் காட்டாதவர். ஐந்து வாரமாக நானும் என் சூப்பர்வைசரிடம் அதையேதான் செய்திருந்தேன். அந்த மௌனம் தாங்காமல்தான் செஷனை அறிவுரையால் நிரப்பினேன் என்பது அங்கே பேசியபோது தெரிந்தது. அந்தப் பதற்றத்துக்கு என் வாழ்க்கையில் பழைய வேர் உண்டு. அதை சூப்பர்விஷனில் தொட்டுக்காட்டினோம், ஆழமாகப் பேச நான் தனியாக தெரபிக்குப் போனேன். இரண்டையும் ஒரே இடத்தில் தேடாதீர்கள்.

அடுத்த செஷனில் அந்தக் கிளையன்டிடம், "போன தடவை நான்தான் நிறையப் பேசிட்டேன். நீங்க சொல்ல வந்தது பாதியிலேயே நின்னுபோச்சு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இந்த முறை நானும் காத்திருந்தேன். அப்புறம் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்.