அறக்கட்டளை நிதிக்கு விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல பணி செய்துவரும் சிறு தொண்டு நிறுவனங்கள் நிதி கிடைக்காமல் திரும்புவதற்கு முதற்காரணம், தமக்குப் பொருந்தாத அறக்கட்டளையின் கதவைத் தட்டுவதே. முகவரியை மட்டும் மாற்றி ஒரே விண்ணப்பத்தைப் பல இடங்களுக்கு அனுப்புகிறார்கள். படிப்பவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஓர் அறக்கட்டளை தன் நோக்கமாக அறிவித்திருப்பதைப் படித்தால் மட்டும் போதாது. கடந்த சில ஆண்டுகளில் அது யாருக்கு, எந்தப் பணிக்கு, எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990-பி.எஃப். படிவத்தில் இந்த விவரம் உண்டு, அதை எவரும் பார்க்கலாம். பிற நாடுகளில் ஆண்டறிக்கைகள் உதவும். சிறு தொகைகளையே வழங்கிவரும் இடத்தில் அதன் பத்து மடங்கைக் கேட்டால், பணியின் தரம் பேசப்படுவதற்கு முன்பே விண்ணப்பம் ஒதுக்கப்படும்.

அடுத்த தவறுதான் மிகுதியாக நேர்வது: திட்ட விளக்கத்தை ஒருவரும் பட்ஜெட்டை இன்னொருவரும் எழுதி, இரண்டையும் ஒப்பிடாமலேயே அனுப்பிவிடுவது. மாணவர்களுக்கான மாலை வகுப்புத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்கத்தில் 2 ஆசிரியர்கள் 12 மாதங்கள் பணியாற்றுவார்கள் என்றிருக்கும். பட்ஜெட்டிலோ ஓர் ஆசிரியருக்கு 10 மாதச் சம்பளம்தான் இருக்கும். தன்னார்வலர் பயிற்சி பற்றி ஒரு பத்தியே எழுதியிருப்பார்கள், அதற்குச் செலவு காட்டியிருக்க மாட்டார்கள். விளக்கத்தில் எங்குமே வராத மடிக்கணினி பட்ஜெட்டில் இருக்கும். மதிப்பீட்டாளர் இதை நேர்மைக் குறைவாக எண்ணாவிட்டாலும், திட்டம் இன்னும் முழுமையாக யோசிக்கப்படவில்லை என்று முடிவு செய்வார். ஒவ்வொரு தொகைக்கும் எதிரே கணக்கிட்ட முறையை எழுதுவது நல்லது. ‘பயணச் செலவு’ என்று மொத்தத் தொகை போடுவதைவிட, மாதம் 4 பயணம், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு, 12 மாதங்கள் என்று பிரித்துக் காட்டினால் கேள்விக்கு இடமிருக்காது.

வாடகை, மின்சாரம், கணக்கர் சம்பளம், தணிக்கைக் கட்டணம் ஆகியவற்றைச் சிக்கனமாகத் தோன்றுவதற்காக மறைப்பவர்களும் உண்டு. இந்தப் பழக்கம் நிறுவனத்தையே மெலிய வைக்கிறது. அந்தச் செலவு இறுதியில் ஊழியர்களின் தலையில்தான் விழுகிறது. ஃபோர்டு அறக்கட்டளை, திட்ட நிதியில் நிர்வாகச் செலவுக்கான பங்கை 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆக உயர்த்துவதாக 2015இல் அறிவித்தது. எல்லா அறக்கட்டளைகளும் அவ்வளவு தருவதில்லை என்பதால், விதிமுறையில் உள்ள உச்சவரம்பைப் பார்த்து, அதற்குள் அடங்கும் உண்மைச் செலவைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

மக்களின் துயரத்தையே பக்கம் பக்கமாக விவரிப்பதும் வேண்டாம். அது நாம் சேவை செய்பவர்களைக் கையாலாகாதவர்களாகக் காட்டுவதோடு, நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதற்கான இடத்தையும் விழுங்கிவிடுகிறது. ‘50 கூட்டங்கள் நடத்துவோம்’ என்பது செயல் மட்டுமே. அவற்றால் யாரிடம் என்ன மாறும், இன்றைய நிலை என்ன, மாற்றத்தை எப்படி அளப்போம் என்பவையே கேட்கப்படும் கேள்விகள்.

பதிவுச் சான்றிதழையும் தணிக்கை அறிக்கையையும் கடைசி நாளில் தேடக்கூடாது. முன்பு பெற்ற நிதிக்கு அறிக்கை அனுப்பாமல் அதே அறக்கட்டளையிடம் மறுபடி கேட்கவும் கூடாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், காரணத்தைக் கேட்டுப் பணிவாக ஒரு கடிதம் எழுதலாம். பதில் வந்தால், அடுத்த சுற்றுக்கு எதைத் திருத்த வேண்டும் என்பது அதிலேயே தெரியும்.