இதய நோய்த் தடுப்புக் கொள்கை: வரைவு எழுத உட்காருகிறவர்களுக்கு

சுகாதாரத் துறையில் இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த வரைவுகளில் பெரும்பாலானவை ‘மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்’ என்று தொடங்கும். அந்த வரியை முதலில் அடித்துவிடுவேன். ஏற்படுத்துவது யார், ஏற்பட்டதா என்று பார்ப்பது எப்படி என்று எதுவும் அதில் இருக்காது. நீங்கள் அதற்குப் பதிலாக ஒரு கேள்வியை எழுதுங்கள்: நம் பொறுப்பில் உள்ள உயர் இரத்த அழுத்த நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இருக்கிறது?

விடை தெரியாவிட்டால், அதைக் கண்டுபிடிப்பதுதான் கொள்கையின் முதல் வேலை. உலகில் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருப்பவர் ஐந்தில் ஒருவர்தான். முகாம் நடத்தி ஆயிரம் பேருக்கு அழுத்தம் பார்த்தோம் என்ற அறிக்கை படம் எடுத்துப் போட உதவும். அந்த ஆயிரத்தில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

இதற்கு வழி உண்டு. அமெரிக்காவில் காப்பீட்டையும் மருத்துவமனைகளையும் சேர்த்து நடத்தும் கைசர் பெர்மனென்டே அமைப்பின் வடக்கு கலிபோர்னியா பிரிவில் 2001-இல் சுமார் 44 சதவீதமாக இருந்த கட்டுப்பாட்டு விகிதம் 2009-இல் 80 சதவீதமானது. புதிய மருந்து எதுவும் காரணமில்லை. நோயாளிகள் அனைவரையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவந்தார்கள். எந்த மருந்துக்குப் பிறகு எந்த மருந்து என்பதை எளிய படிவரிசையாக்கினார்கள். இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் கொடுத்தார்கள். மருத்துவருக்காகக் காத்திராமல், கட்டணமின்றி, உதவியாளரிடம் அழுத்தம் பார்த்துப் போகலாம் என்றார்கள். ஒவ்வொரு மையத்தின் விகிதத்தையும் மற்ற மையங்களுக்குத் தெரியப்படுத்தினார்கள். இவை ஒவ்வொன்றையும் உங்கள் வரைவில் தனித்தனிப் பிரிவாக எழுதலாம். கடைசிப் பிரிவைத்தான் அதிகாரிகள் நீக்கச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது, நோயாளியின் மன உறுதியை நம்பாத நடவடிக்கைகள். வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும், இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் டென்மார்க் 2003-இல் வழிகாட்டியது: 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டது. பொட்டலத்தில் எச்சரிக்கை அச்சிடுவதோடு நின்றுவிடவில்லை. உப்புக்கும் இப்படியே எழுதுங்கள். தென்னாப்பிரிக்கா 2016-இல் ரொட்டி உள்ளிட்ட உணவுகளுக்குக் கட்டாய உச்சவரம்பை நடைமுறைப்படுத்தியது. வரம்பு, அமலுக்கு வரும் தேதி, சோதிக்கும் ஆய்வகம், அபராதம் ஆகிய நான்கும் இல்லாத பிரிவு வெறும் வேண்டுகோள். ‘தன்னார்வ அடிப்படையில்’ என்ற சொற்களைச் சேர்க்கும்படி உற்பத்தியாளர் சங்கங்கள் மிகவும் பணிவோடு கேட்கும். புகையிலைக்கு நீண்ட பத்தி தேவையில்லை: வரியை உயர்த்துங்கள், மூடிய பொது இடங்களில் தடை செய்யுங்கள், விளம்பரத்தை நிறுத்துங்கள்.

சிகிச்சைப் பகுதியில் நேரத்தை எண்ணாக எழுத வேண்டும். நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இசிஜி. இரத்தக் குழாய் முழுதாக அடைபட்ட வகை மாரடைப்பு என்று உறுதியானபின் இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (குழாய் வழியே அடைப்பைத் திறப்பது) செய்ய முடியாத இடமாக இருந்தால், அங்கேயே இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அதைப் போடக் கூடாத உடல்நிலை உள்ளவர்கள் தவிர. பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றம். ஆகவே சிறிய மருத்துவமனையில் இசிஜி கருவியும், படத்தை உடனே பார்த்துச் சொல்ல எந்நேரமும் தொலைபேசியில் கிடைக்கும் ஒரு மருத்துவரும், அந்த ஊசியும் இருக்க வேண்டும். இரவில் ஆள் இல்லாத கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கூடம்) திறப்பு விழாவுக்கு மட்டுமே பயன்படும். வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த வருகைத் தேதியும் மருந்துப் பட்டியலும் அதே பதிவேட்டில் ஏற வேண்டும் என்பதையும் சேருங்கள். பலரும் இந்த இடத்தில்தான் கணக்கிலிருந்து காணாமல் போகிறார்கள்.

நிதித் துறை குறைக்கச் சொல்லும், நிச்சயம் சொல்லும். அப்போது வெட்டும் வரிசை இது: முதலில் சுவரொட்டி, மாநாடு, விழா. அடுத்து புதிய கட்டடம். அழுத்த மாத்திரைக் கொள்முதலைத் தொட விடாதீர்கள். காப்புரிமை முடிந்த பொதுப்பெயர் மருந்துகளாகவே, பல ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கலாம். ஒவ்வொரு மையத்திலும் எப்போதும் மூன்று மாத இருப்பு இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையின் உடலிலேயே எழுதுங்கள்; பின்னிணைப்பில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.